கட்டைக்கு நடுவில் விழுந்த குரல்

எனக்கு இனிமையாகப் பேச வராது. கடை வைத்திருக்கிறவளுக்கு இது பெரிய குறை என்று என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருப்பார். அவருக்கு எண்ணூர்ப் பக்கம் ஒரு ஃபவுண்டரியில் வேலை. அந்தச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேசவே முடியாது, அதனால் அவருக்குச் சொல்வது சுலபம். என் கடைக்கு வருகிறவர்கள் ஒரே கேள்வியை மூன்று தரம் கேட்பார்கள். மூன்றாவது தரம் நான் கத்துவேன். அப்படியும் வந்தார்கள். திருவொற்றியூர்த் தேரடியிலிருந்து டோல்கேட் வரைக்கும் அந்த வேலையை ஒழுங்காகச் செய்து தந்தது நான் ஒருத்திதான். ஒழுங்காக என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேலை இதுதான். கல்யாணம், மஞ்சள் நீராட்டு, கோயில் திருவிழா, பள்ளிக்கூட ஆண்டு விழா என்று எதையாவது படம் பிடித்த சிடியை, அதாவது விசிடியை, கொண்டுவருவார்கள். அதிலிருந்து ஒலியை மட்டும் பிரித்து ஆடியோ சிடியாகப் போட்டுத் தர வேண்டும். கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர்கள்தான் நிறைய வருவார்கள். ஹார்பருக்குள் போக வண்டிகள் மைல் கணக்கில் வரிசையில் நிற்கும். ஒரு நாள் முழுக்க ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவனுக்குப் படம் பார்க்க முடியாது, கேட்கத்தான் முடியும். "எம் பொண்ணு ஸ்கூல்ல பேசினது கீதுக்கா, அத மட்டும் புட்டுக் குடு" என்பான் ஒருவன். நான் புட்டுக் கொடுப்பேன்.

பாதிப் பேருக்கு நான் கெட்ட செய்திதான் சொல்ல வேண்டியிருக்கும். எங்கள் பக்கத்துக் கல்யாண வீடியோக்காரர்கள் கேமராவில் பதிந்த நிஜ சத்தத்தை அழித்துவிட்டு அதன் மேல் சினிமாப் பாட்டை ஏற்றிவிடுவார்கள். அப்பா தாலியை எடுத்துக் கொடுத்து ஏதோ சொல்வது படத்தில் தெரியும். வாய் அசையும். பாட்டுதான் கேட்கும். அப்பா செத்துப்போன பிறகு அந்த வாய் என்ன சொன்னது என்று கேட்க வருவார்கள். "இதுல உங்கப்பா பேச்சு இல்ல, பாட்டுதான் கீது, எடுத்துகினு போ" என்று சொல்லிவிடுவேன். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

டிவிடி வர ஆரம்பித்த புதிதில் ஒரு நாள் மதியம் அந்தப் பெண் வந்தாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். காசிமேட்டுக்காரி. அவளுடைய சித்தி திருவொற்றியூரில், என் கடை இருந்த சந்துக்கு நாலு சந்து தள்ளி இருந்தாள். கையில் ஒரு டிவிடி. அதை விரல் நுனியால் ஓரத்தில் மட்டும் பிடித்திருந்தாள். விரல்கள் ஊறி வெளுத்து, நகக்கண்ணெல்லாம் வெடித்திருந்தன. இறால் உரிக்கிற கம்பெனி, எங்கள் பேச்சில் எறா கம்பெனி, என்று கேட்காமலே தெரிந்துவிடும். விடியற்காலையிலிருந்து ஐஸ் தண்ணீரில் கை விட்டு எறா உரிக்கிறவர்களுடைய கை அப்படித்தான் ஆகும்.

"எக்கா, இதுல நான் ரெண்டு பாட்டு பாடிக்கீறேன். அத மட்டும் ஆடியோ சிடில போட்டுத் தரணும்."

"யார் கல்யாணம்?"

"சித்தி பொண்ணு. ரிசப்ஷன்ல கச்சேரி வெச்சிருந்தாங்க. பாட வந்த அக்காவுக்குத் தொண்ட கட்டிக்கிச்சு. எங்க சித்தப்பா என்னப் புடிச்சி மேடைல ஏத்தி வுட்டுட்டாரு."

"இதுலதான் படமும் கீதே. அப்டியே வெச்சிக்கறதுதான?"

"படம் வேணாம்னு சொல்ட்டாருக்கா."

சொன்னது யார் என்று விசாரித்தேன். வண்ணாரப்பேட்டையில் ஒரு மெல்லிசைக் குழு இருந்தது. அதை நடத்துகிறவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பகலில் பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை, சனி ஞாயிறு கச்சேரி. அவருடைய குழுவில் பாடிக்கொண்டிருந்த பெண் கல்யாணமாகி ஊரை விட்டுப் போய்விட்டாள். அந்த இடம் காலி. இவள் போய்க் கேட்டிருக்கிறாள். அவர், "சிடி குடுத்துட்டுப் போம்மா, வேன்ல போட்டுக் கேக்கறேன். படம் குடுக்காத. மூஞ்சியப் பாத்து எடுத்தேன்னு நாளைக்கு எவனாச்சும் சொல்லுவான்" என்றிருக்கிறார்.

"எடுத்துட்டாருன்னா எறா கம்பெனிய வுட்டுருவேன்கா. மாசத்துல எட்டு கச்சேரியாவது வருமாம்" என்றாள். அப்போது கைகளைப் பின்னால் வைத்துக்கொண்டாள். நான் அவற்றைப் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

மறுநாள் வரச் சொன்னேன்.

நான் வேலை செய்கிற விதத்தை இங்கே சொல்லியாக வேண்டும். படத்திலிருந்து ஒலியைப் பிரிக்க அப்போது இருந்த புரோகிராம்கள் என் கணினியில் ஆமை மாதிரி நகரும். நடுவில் கரன்ட் போனால் முதலிலிருந்து. அதனால் நானே ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். ஒலியைத் தலைப்பு, குறிப்பு எதுவும் இல்லாமல் வெறும் எண்களாக உருவிவிடுவேன். பிறகு அந்த எண்களை எப்படிப் படிக்க வேண்டும் என்று சிடி போடுகிற புரோகிராமுக்கு நானே கையால் அடித்துச் சொல்லுவேன். நொடிக்கு நாற்பத்து நாலாயிரத்து நூறு. அதாவது ஒரு நொடி சத்தத்தை அத்தனை துண்டாக அளந்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். ஆடியோ சிடிக்கும் அதே கணக்குதான். அந்த எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருந்தேன். இரண்டு வருடமாக எல்லா விசிடிக்கும் அதே எண். ஒரு தரமும் தப்பியதில்லை.

அந்தப் பெண்ணின் டிவிடியையும் அப்படியே செய்தேன். கல்யாண வீடியோக்காரன் இதில் பாட்டு ஏற்றவில்லை, கச்சேரியே பாட்டாக இருந்ததால் விட்டுவிட்டான். நல்ல சுத்தமான பதிவு. இரண்டு பாட்டையும் வெட்டி எடுத்தேன். கடைசியில் வரும் கைதட்டலை மெல்ல மெல்லக் குறைத்து முடித்தேன். அந்த வேலையில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் அவள் வந்ததும் கடையில் இருந்த சிடி பிளேயரில் போட்டேன். நின்றபடியே கேட்டாள். பாதிப் பாட்டில் நெற்றி சுருங்கியது.

"எக்கா, இது நான் இல்லக்கா."

"இன்னாது?"

"என் குரல் இப்டி இருக்காதுக்கா. இது யாரோ பெரிய பொம்பள பாடற மாதிரி கீது. பாட்டும் இழுக்குது."

எனக்குச் சுர்ரென்றது. அவளுக்கு நான் சொன்ன பதில் எழுத்து மாறாமல் நினைவிருக்கிறது. "இத பாரு. உலகத்துல எவனா இருந்தாலும் தன் குரல மொத தடவ கேட்டா இது நான் இல்லன்னுதான் சொல்லுவான். உனக்கு உன் குரல் மண்டைக்குள்ள வேற மாதிரி கேக்கும், வெளிய வேற மாதிரி கேக்கும். இது பெரிய சயின்ஸு. மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

"இல்லக்கா, நான் எங்க வூட்டு டேப்ல பேசிக் கேட்டுக்கீறேன்..."

"டேப்பும் இதுவும் ஒண்ணா? போய்க் குடு, போ."

டிவிடி என் மேஜை மேலேயே இருந்தது. அதைக் கணினியில் போட்டு ஒரு நிமிடம் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். நான் போடவில்லை. எனக்குத் தெரியாதது எறா உரிக்கிற பெண்ணுக்கு எப்படித் தெரியும் என்று நினைத்தேன். இதை நயமாகச் சொல்ல வழியில்லை. அதுதான் நான் நினைத்தது.

அவள் மேற்கொண்டு வாதாடவில்லை. படித்தவள் சொல்கிறாள் என்று நம்பிவிட்டாள். அவள் வீட்டில் போன் இல்லாததால் சிடி உறை மேல் என் கடை நம்பரை எழுதச் சொன்னாள். எழுதிக் கொடுத்தேன். டிவிடி என்னிடமே தங்கிவிட்டது.

பத்து நாள் கழித்து போன் அடித்தது.

"அந்த சிடில பாடின பொண்ணு இருக்குதாம்மா?" ஆண் குரல்.

"கீது. நீங்க யாரு?"

"மாஸ்டர் பேசறேன். நல்லாப் பாடிக்கீது. குரல்ல கனம் கீது. இந்த மாதிரி தடிச்ச குரல் கெடைக்கறதில்ல. பழைய பாட்டுக்கு அப்டியே பொருந்தும். ஞாயித்துக்கிழம காலைல ரிகர்சலுக்கு வரச் சொல்லு."

கடையைப் பூட்டாமலே சித்தி வீட்டுக்கு ஓடிப் போய்ச் சொன்னேன். இனிமையாகப் பேச வராது என்று சொன்னேனே, அன்றைக்கு மட்டும் கொஞ்சம் வந்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணி வாக்கில் அவள் நேராக என் கடைக்கு வந்தாள். நல்ல புடவை, தலையில் பூ. அழவில்லை. சிடியை மேஜை மேல் வைத்தாள்.

"இன்னா ஆச்சு?"

"பாடச் சொன்னாங்க. பாடினேன். பாதிலயே நிறுத்தச் சொல்ட்டாரு. சிடில பாடினது யாருன்னு கேட்டாரு. நான்தான்னேன். டிரம்ஸ் அடிக்கறவரு சிரிச்சாரு. வேற பொம்பள பாடின சிடியத் திருடிகினு வந்து எங்கள ஏமாத்தறியான்னு எல்லாரு முன்னாடியும் கேட்டாரு. ரெண்டு தடவ கேட்டாருக்கா. ரெண்டு தடவயும் திருட்டுத்தனம்னாரு."

"நீ இன்னா சொன்ன?"

"இன்னா சொல்ல சொல்ற? இது என் குரல் இல்லன்னு மொதல்லயே நான்தான சொன்னேன்."

எனக்கு வந்த கோபம் முழுக்க மாஸ்டர் மேல் போனது. என் வேலையைப் பொய் என்கிறான் என்பதுதான் எனக்கு முதலில் உறைத்தது. அவளைத் திருடி என்றது இரண்டாவதுதான். ஷட்டரை இறக்கினேன். "வா, நான் கேக்கறேன்" என்று அவளை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழி முழுக்க நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். அவள் ஜன்னல் வழியே லாரி வரிசையைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வண்ணாரப்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் இருந்த நீளமான அறைதான் அவர்கள் ரிகர்சல் இடம். ஆறு ஆண்கள். மதியச் சாப்பாட்டுப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்டருக்கு ஐம்பது வயது இருக்கும், மெலிந்த ஆள்.

"நீங்கதான் மாஸ்டரா? நான்தான் அந்த சிடி போட்டவ. இந்தப் பொண்ணு பாடினதத்தான் போட்டேன். டிவிடி என்கிட்ட கீது. என் மெஷின் பொய் சொல்லாது. ஒரு வயசுப் பொண்ண ஆறு ஆம்பள நடுவுல நிக்க வெச்சுத் திருடின்றீங்க, வெக்கமா இல்ல?"

"யம்மா, குந்து மொதல்ல" என்றார் அவர் நிதானமாக. "என் காது முப்பது வருஷமா இந்த வேலைய செய்யுது. சிடில பாடினதும் இதுவும் ஒரே குரல் இல்ல."

"ஒரே குரல்தான்."

அதுவரை பேசாமல் இருந்த கீபோர்டு வாசிக்கிறவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். முன்வழுக்கை, மூக்குக் கண்ணாடி. "சிடியக் குடுங்க" என்றார். அங்கிருந்த பிளேயரில் போட்டார். பாட்டுக்கு முன்னால் கீபோர்டு மட்டும் தனியாக வாசிக்கிற இடம் ஒன்று உண்டு. அது வந்ததும் தன் கீபோர்டில் ஒரு வெள்ளைக் கட்டையை அழுத்தினார். ஒட்டவில்லை. பக்கத்துக் கறுப்புக் கட்டையை அழுத்தினார். அதுவும் ஒட்டவில்லை. ஒன்று கீழே நின்றது, ஒன்று மேலே நின்றது. எனக்கே கேட்டது. இரண்டு தரம் செய்து பார்த்தார்.

"மாஸ்டர், இந்த சிடி ரெண்டு கட்டைக்கு நடுவுல விழுது."

"இன்னா சொல்ற?"

"பொண்ணு தப்பாப் பாடலாம். கீபோர்டு தப்பாப் பாடுமா? அந்தக் கல்யாணத்துல வாசிச்சதும் இதே மாதிரி பொட்டிதான். நடுவுல ஒரு கட்டை எந்தப் பொட்டிலயும் கெடையாது. சிடிதான் மெதுவா ஓடுது. மெதுவா ஓடினா சுருதி எறங்கும், குரல் தடிக்கும்." பிறகு என் பக்கம் திரும்பி, ரொம்ப மரியாதையாகச் சொன்னார். "உங்க மெஷின்ல ஏதோ தப்பு கீது மேடம்."

டிரம்ஸ்காரன் சாப்பிட்டுக்கொண்டே, "நைனா, மேடம்கிட்ட சொல்லி நடுவுல ஒரு கட்டை வெச்ச கீபோர்டு ஒண்ணு செஞ்சு வாங்கிக்கோ" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. நான் சிடியைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அவள் பின்னாலேயே வந்தாள்.

கடைக்கு வந்ததும் டிவிடியைக் கணினியில் போட்டு நேராக ஓடவிட்டேன். மெல்லிய குரல். கூர்மையாக, வேகமாக, கொஞ்சம் மூக்கில் பாடுகிற குரல். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளுடைய அதே குரல். அவள் திரையைப் பார்த்து, "இதான் நானு" என்றாள்.

டிவிடியில் இருந்த ஒலியின் விவரத்தை அன்றைக்குத்தான் முதல் தடவை திறந்து பார்த்தேன். நாற்பத்தெட்டாயிரம் என்று போட்டிருந்தது. விசிடியில் நொடிக்கு நாற்பத்து நாலாயிரத்து நூறு. டிவிடியில் நாற்பத்தெட்டாயிரம். இதைப் படித்துத் தெரிந்துகொள்ளாமல், சீட்டில் இருந்த எண்ணைப் பார்த்து அடித்துவிட்டேன். நாற்பத்தெட்டாயிரம் துண்டை எடுத்து, ஒரு நொடிக்கு நாற்பத்து நாலாயிரத்து நூறு துண்டு வீதம் வாசி என்று சொன்னேன். சொன்னபடி வாசித்தது. மிச்சத் துண்டெல்லாம் அடுத்த நொடிக்குத் தள்ளிப் போய், பாட்டு நீண்டு, குரல் இறங்கிவிட்டது. மெஷின் பொய் சொல்லவில்லை. நான்தான் மெஷினிடம் பொய் சொல்லியிருக்கிறேன்.

இதை அவளுக்குப் புரிகிற மாதிரி விளக்கப் பார்த்தேன். அவள் கேட்டுவிட்டு, "அது எனக்கு வேணாம்கா. தப்பு யாருது, அத மட்டும் சொல்லு" என்றாள்.

"என்னுது."

"நான் அன்னைக்கே சொன்னேன்."

"சொன்ன."

"நீ கத்தின."

"கத்தினேன்."

அவ்வளவுதான் பேசினோம். மன்னித்துக்கொள் என்கிற வார்த்தை என் வாயில் வரவில்லை. இன்றைக்கு எழுதும்போதுகூடக் கையில் தயங்கித்தான் வருகிறது. சீட்டைக் கிழித்துப் போட்டேன். ஆமை மாதிரி நகர்ந்தாலும் சரி என்று முறைப்படி நாற்பத்தெட்டாயிரத்தை நாற்பத்து நாலாயிரத்து நூறாக மாற்ற விட்டேன். அது முடிகிற வரைக்கும் அவள் உட்கார்ந்திருந்தாள். நான் டீ வாங்கி வந்து கொடுத்தேன். குடித்தாள்.

அதற்கு முன்னால் இன்னும் மூன்று பேருக்கு டிவிடியிலிருந்து சிடி போட்டுக் கொடுத்திருந்தேன். அந்த வாரத்தில், கணினியில் மிச்சமிருந்த ஒலியிலிருந்து புது சிடி போட்டு எடுத்துக்கொண்டு மூன்று பேரையும் தேடிப் போனேன். ஒருவர் வீடு மாறிப் போயிருந்தார். இன்னொருவர், ஒரு லாரி டிரைவர், எதையும் கேட்காமல் புது சிடியை வாங்கிக்கொண்டார். தண்டையார்பேட்டையில் துணிக்கடை வைத்திருந்த ஒரு பாய் மட்டும் மாற்ற மறுத்தார். அவர் மகன் நிக்காஹ் அன்று அவருடைய அண்ணன் ஓதிய துஆ அதில் இருந்தது. "நிதானமா, மனசுல எறங்கற மாதிரி ஓதறாரும்மா. எங்கண்ணன் நெஜத்துல கடகடன்னு ஓதிட்டுப் போயிடுவாரு. இதுவே இருக்கட்டும்" என்றார். தப்பு என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். தெரியும்மா, இருக்கட்டும் என்றுவிட்டார். அவரிடமும் கொஞ்சம் கத்தினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளும் நானும் மறுபடி வண்ணாரப்பேட்டைக்குப் போனோம். அவளுக்கு வர இஷ்டமில்லை. "போனாலும் எடுக்க மாட்டாருக்கா, வுட்டுரு" என்றாள். "எடுக்கறாரோ இல்லையோ, திருடின்னு சொன்னத அப்டியே வுட முடியாது" என்றேன். அது அவளுக்காகவா எனக்காகவா என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாது.

கீபோர்டுக்காரரிடம் புது சிடியைக் கொடுத்தேன். பழைய மாதிரியே போட்டார், ஒரு வெள்ளைக் கட்டையை அழுத்தினார். பசை போட்டு ஒட்டின மாதிரி ஒட்டியது. கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

நான் எழுந்து நின்று சொன்னேன். "தப்பு என்னுது. டிவிடிய விசிடின்னு நெனச்சிப் போட்டுட்டேன். இந்தப் பொண்ணு மொதல்லயே சொல்லிச்சு, நான் கேக்கல. அது யாரையும் ஏமாத்தல."

ஆறு பேரும் கேட்டார்கள். மாஸ்டர் சிடி முடிகிற வரைக்கும் கேட்டார். பிறகு அவளைப் பார்த்தார்.

"நல்லாத்தான் பாடற. சுருதி வுட்டுப் போகல. ஆனா நான் கூப்டது அந்தக் குரல. பழைய பாட்டுக்கு கனமான குரல் வேணும்னுதான் கூப்டேன். இந்த மாதிரி மெல்லிசு குரல் என்கிட்ட ஏற்கெனவே ஒண்ணு கீதும்மா."

நான் வாயைத் திறந்தேன். அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். சில்லென்று சொரசொரப்பான விரல்.

"அந்தக் குரல் என்கிட்ட இல்லண்ணா" என்றாள். "இதான் கீது."

மாஸ்டர் கொஞ்ச நேரம் காதைத் தடவிக்கொண்டிருந்தார். "கோரஸ்க்கு ஒரு ஆள் வேணும். வர்ற ஞாயித்துக்கிழம எர்ணாவூர்ல ஒரு ரிசப்ஷன். வர்றியா?"

"கோரஸா?"

"கோரஸ்தான். தனிப் பாட்டு கெடையாது."

"தனி மைக்காச்சும் குடுப்பீங்களா?"

டிரம்ஸ்காரன் இந்தத் தடவை சத்தமாகச் சிரித்தான். மாஸ்டரும் சிரித்துவிட்டார். "மூணு பேருக்கு ஒரு மைக்கும்மா."

"சரி வர்றேன். ஆனா அன்னைக்கு திருட்டுத்தனம்னு ரெண்டு தடவ சொன்னீங்க. அத வாபஸ் வாங்கணும்."

"வாபஸ்" என்றார் மாஸ்டர்.

"ரெண்டு தடவ சொன்னீங்க."

"வாபஸ், வாபஸ். போதுமா தாயி?"

மணிக்கூண்டு ஸ்டாப்பிங்கில் பஸ்ஸுக்கு நின்றோம். கோரஸ் என்றால் எறா கம்பெனியை விட முடியாது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். வெயில் கொளுத்தியது. அவளுக்குக் காசிமேட்டுக்கு வேறு பஸ், இருந்தாலும் என்னோடு நின்றாள்.

"எக்கா, ஒண்ணு கேட்டா மழுப்பாம சொல்லுவியா?"

"எனக்கு மழுப்பத் தெரியாது."

"நீ மொதல்லயே சரியா போட்டுக் குடுத்திருந்தா, அந்தாளு என்ன எடுத்திருப்பாரா?"

யோசித்தேன். யோசிக்க அதில் அதிகம் இல்லை. "கூப்ட்டே இருக்க மாட்டாரு" என்றேன்.

அவள் தலையாட்டினாள். ஒரு பஸ் வந்து, நிறைந்து, போனது. பிறகு, "அப்ப ஞாயித்துக்கிழம எர்ணாவூருக்கு வா" என்றாள். "கீழ ஜனங்க நடுவுல நின்னு கேளு. கோரஸ்ல என் குரல் தனியாக் கேக்குதான்னு வந்து சொல்லு. கத்தாம சொல்லு."

போனேன். அழைக்காத கல்யாணம், அதனால் சாப்பிடவில்லை. பின்வரிசையில், ஸ்பீக்கர் சத்தம் எட்டுகிற இடத்தில் நின்றேன். மேடையில் மூன்று பெண்கள் ஒரு மைக்கைச் சுற்றி நின்றார்கள், அவள் வலது ஓரம். தலையை மைக்குக்குள் நுழைத்துவிடுகிற மாதிரி சாய்த்திருந்தாள். இரண்டு மணி நேரம் பாடினார்கள். நடுவில் கரன்ட் போய், ஜெனரேட்டர் போட்டு, மறுபடி ஆரம்பித்தார்கள்.

முடிந்து கீழே இறங்கி நேராக என்னிடம் வந்தாள். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"கேட்டுச்சாக்கா?"

"ரெண்டு எடத்துல கேட்டுச்சு. ரெண்டும் கேக்கக் கூடாத எடம். மத்தவங்க நிறுத்தின பிறகும் நீ நிறுத்தல."

"தெரியும்" என்றாள். "மூச்சு மிச்சம் இருந்திச்சு."

மேடையிலிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். ஸ்பீக்கர் ஒயரைச் சுற்றி வைக்க ஆள் வேண்டுமாம். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடி மேலே ஏறிப் போனாள்.